அறுத்தெடுத்த ஆயில் பைப்

“அறுத்துடுங்க கலியபெருமாள். ஒரு பைப்புக்காக எதுக்கு இவ்வளவு நேரம் மல்லுக்கட்டணும்?”

செபஸ்தியான் சார் இப்படிச் சொன்னபோது நான் அவர் வீட்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். முதுகுக்குக் கீழே பழைய சாக்கு. முகத்துக்கு மேலே ஒரு சாண் தூரத்தில், எவ்வளவு திருப்பியும் கழலாத ஆயில் கூலர் பைப். காலை பத்து மணி வெயிலுக்கே பட்டறையின் தகரக் கூரை சடசடக்க ஆரம்பித்திருந்தது.

வண்டியின் வலது பக்கம் சாருடைய கால்கள் தெரிந்தன. பாலிஷ் போட்ட கறுப்புச் செருப்பு. இடது பக்கம் இன்னொரு ஜோடிக் கால்கள். ரப்பர் செருப்பு, விரலிடுக்கில் காய்ந்த வயல் சேறு. அது அவருடைய தம்பி லூர்து. அவன்தான் இன்ஜின் பக்கமிருந்து எனக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தான்.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு இருபது நாள் ஆகியிருந்தது. அவர்கள் அப்பா இறந்தும் அத்தனை நாள்தான்.

என் கையில் ஹாக்ஸா பிளேடு இருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை நான் ஓட வைத்த இன்ஜின்களைப் பற்றித்தான் எழுதி வந்திருக்கிறேன். கொஞ்சம் பீற்றிக்கொண்டும் இருக்கிறேன். கைராசிக்காரர் என்று வாசகர்கள் கடிதம் போடுகிறார்கள். திருமழபாடிக்காரர் ஒருவர், புது டிராக்டரை முதன்முதலாக நான்தான் ஸ்டார்ட் செய்து தரவேண்டும் என்று வீடு தேடி வந்து கூட்டிப்போனார். மாலை வேறு போட்டார். இந்த வாரத்தைப் படித்துவிட்டு அவர் தன் டிராக்டரை வேறு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனால் அவர்மேல் எனக்கு வருத்தம் இருக்காது.

அந்தக் குடும்பத்துப் பேர்களை மாற்றி எழுதுங்கள் என்றார் பத்திரிகை ஆசிரியர். மாற்றிவிட்டேன். என் பேரை மாற்றவில்லை.

எங்கள் ஊர்த் தூசி

என் பட்டறை அரியலூரிலிருந்து திருமானூர் போகும் சாலையில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடுகிற ஊர். மழை பெய்த மறுநாள் தவிர மற்ற நாளெல்லாம் வேப்ப மரத்து இலைகூட வெள்ளையாகத்தான் இருக்கும். துணி காயப்போட இடம் தேடி எங்கள் வீட்டுப் பெண்கள் படுகிற பாட்டைத் தனியாக ஒரு வாரம் எழுதலாம்.

துணியில் தூசி படிந்தால் துவைத்துவிடலாம். வண்டியில் படிந்தால் அப்படியில்லை. பழைய டீசல் வண்டிகளில் எங்காவது ஒரு சொட்டு ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் இந்தத் தூசி போய் உட்காரும். மேலே பனி இறங்கும், அப்புறம் இன்ஜின் சூடு காய்ச்சும். இரண்டு வருஷம் இப்படி ஓடினால், கொத்தனார் பூசிவிட்டுப் போனதுபோல் நட்டுகளின்மேல் ஒரு தடிப்பு ஏறிவிடும். ஸ்பேனர் உள்ளேயே போகாது.

கோயம்புத்தூரிலிருந்து மாமனார் வீட்டுக்கு வந்த ஒரு மெக்கானிக், அவருடைய மச்சான் வண்டியைப் பார்க்க என் பட்டறைக்கு வந்தார். குனிந்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “இதுல நட்டு எங்கங்க இருக்கு?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆயில் கூலர் என்பது ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஒரு சின்னத் தகட்டுப் பெட்டி. இன்ஜினில் சூடான ஆயில் ஒரு பைப் வழியாக அதற்குள் போய் ஆறி, இன்னொரு பைப் வழியாகத் திரும்பி வரும். பைப் என்றால் நடுவில் கெட்டி ரப்பர், இரண்டு முனையிலும் இரும்புக் கழுத்து, கழுத்தைச் சுற்றி இறுக்குகிற நட்டு. இன்ஜினை இறக்க வேண்டுமென்றால் இந்த இரண்டு பைப்பையும் கழற்றியே ஆகவேண்டும். மற்றதெல்லாம் கழன்றுவிடும். கடைசிவரை அடம்பிடிப்பது இவைதான்.

அதைக் கழற்ற ஒரு முறை உண்டு. நட்டுக்குப் பின்னால், பைப்பின் கழுத்திலேயே ஆறு பட்டை வைத்த இன்னொரு இடம் இருக்கும். ஒரு ஸ்பேனரால் அந்தக் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். பிடிக்காமல் திருப்பினால் நட்டோடு கழுத்தும் சுற்றும். கழுத்தோடு ரப்பரும் முறுக்கிக்கொள்ளும்.

எங்கள் ஊர் வண்டிகளில் அந்தக் கழுத்துப் பட்டை கண்ணுக்குத் தெரியாது. பூச்சு மூடியிருக்கும். டீசல் ஊற்றி ஊறவைத்து, உளியால் தட்டித் தட்டிச் சுரண்டினால் வெளியே வரும். அதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். முன்னால் இருக்கும் நட்டை மட்டும் சுரண்டுவதற்குப் பத்து நிமிஷம் போதும்.

பாலத்தில் நின்ற வண்டி

செபஸ்தியான் சாரின் அப்பா சவரிமுத்து, ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் விவசாயி. மூத்த மகன் செபஸ்தியான் பெரம்பலூரில் பள்ளிக்கூட ஆசிரியர். சின்னவன் லூர்து படிப்பு ஏறாமல் அப்பாவோடு வயலில் நின்றுவிட்டான். நெல்லும் கரும்பும் அவன் பொறுப்பு. அந்த ஏழு சீட்டு டீசல் வண்டியும் அவன் பொறுப்புதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அப்பாவையும் அம்மாவையும் அதில்தான் கூட்டிப்போவான். ஆலத்தியூரில் கட்டிக்கொடுத்த அத்தை வீட்டுக்கும் அதில்தான் போய்வருவார்கள்.

ஒரு நாள் காலையில் சவரிமுத்து ஐயாவுக்கு நெஞ்சு வலி வந்தது. லூர்து அவரைப் பின் சீட்டில் படுக்கவைத்து, அம்மாவை அருகில் உட்காரவைத்து, தஞ்சாவூருக்குக் கிளம்பினான். திருமானூர் தாண்டும்போது டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயில் விளக்கு.

அவன் அதைப் பார்த்தான். பார்த்தும் நிறுத்தவில்லை. பின்னால் அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

கொள்ளிடம் பாலத்தின் நடுவில் இன்ஜின் இறுகி நின்றது. பின்னால் பஸ்களும் கரும்பு டிராக்டர்களும் வரிசை கட்டின. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருக்க மனசு கேட்காமல், காய்கறி ஏற்றிவந்த ஒரு சின்ன வேனைக் கைகாட்டி நிறுத்தி அப்பாவைத் தூக்கி ஏற்றினான். தஞ்சாவூர் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

“கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்” என்றார் டாக்டர். அவர் எல்லோரிடமும் சொல்கிற வாக்கியமாகவே இருக்கலாம். ஆனால் கேட்ட வீட்டை விட்டு அது போகாது.

செபஸ்தியான் சார் பெரம்பலூரிலிருந்து வந்து சேர்ந்தபோது அப்பாவைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவர் தம்பியைக் கேட்ட முதல் கேள்வி, “லைட்டு எரிஞ்சுச்சா?”

“எரிஞ்சுச்சுண்ணே.”

“ஏன் நிறுத்தல? வண்டியில ஆயில் இருந்துச்சா, இல்லியா?”

“முந்தின நாள்தான் பாத்தேன். அளவு சரியாத்தான் இருந்துச்சு.”

சார் நம்பவில்லை. லூர்து சின்ன வயசிலிருந்தே எதையும் பாதியில் போட்டுவிட்டு வருகிறவன் என்பது அவர் எண்ணம். வண்டிக்கு ஆயில் பார்க்கத் துப்பில்லாமல் அப்பாவை நடுப் பாலத்தில் சாக விட்டான் என்று சொந்தபந்தமெல்லாம் கேட்கச் சொன்னார். முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் இன்ஜினை இறக்கிப் பார்த்துவிட வேண்டும் என்றும் சொன்னார். வண்டியை இழுத்துவந்து என் பட்டறையில் விட்டார்கள். வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டி என்னிடம்தான் வரும்.

அந்த வண்டி உள்ளே வந்ததும் நான் அதன் முன்பக்கம் போகாமல் ஒதுங்கி நின்றேன். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெள்ளைக் கோடு

அதற்கு ஆறேழு மாதம் முன்பு, ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று லூர்து வண்டியைக் கொண்டுவந்திருந்தான். ரேடியேட்டரை வெளியே எடுக்க ஆயில் கூலரை நகர்த்த வேண்டும். அதற்குக் கீழ்ப் பைப்பை ஒரு முனையிலாவது கழற்ற வேண்டும்.

அன்றைக்கு எனக்கு அவசரம். என்ன அவசரம் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. அவ்வளவு அற்பமான அவசரம். முன் நட்டை மட்டும் சுரண்டினேன். பின்னால் கழுத்தைப் பிடிக்கவில்லை. நீளமான குழாயை ஸ்பேனரில் சொருகி ஒரே அழுத்து. கிறீச்சென்று திரும்பியது. நட்டு மட்டும் திரும்பவில்லை, கழுத்தும் சேர்ந்து திரும்பியது. அப்புறம்தான் நட்டு விட்டுக்கொடுத்தது. மறுபடி மாட்டி இறுக்கும்போதும் அதே கதை.

இந்த ரப்பர் பைப்புகளின்மேல் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு அச்சடித்திருப்பார்கள். பைப் முறுக்கு இல்லாமல் மாட்டியிருந்தால் அந்தக் கோடு நேராகப் போகும். இந்தப் பைப்பில் கோடு அரைச் சுற்றுச் சுற்றிப் போனது. நான் பார்த்தேன். துணியால் துடைத்துவிட்டு இன்னொரு தடவையும் பார்த்தேன்.

புதுப் பைப் வாங்கப் பெரம்பலூருக்கு ஆள் அனுப்ப வேண்டும். வண்டி இரண்டு நாள் நிற்கும். ‘ஓட ஓடச் சரியாயிடும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்டார்ட் செய்தோம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. லூர்து சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனான்.

ஒரு கரண்டி ஆயில்

இனி அந்தச் சனிக்கிழமைக் காலைக்கு வருகிறேன்.

பானட்டைக் கழற்றினோம். ஒயர்களைப் பிரித்தோம். கீழே தட்டு வைத்து ஆயில் அடைப்பைத் திறந்தேன். ஏழு லிட்டர் வரவேண்டிய இடத்தில் ஒரு கரண்டி அளவு வந்தது. கறுப்பாக, தீய்ந்த வாடையோடு.

“பாத்துக்குங்க” என்றார் செபஸ்தியான் சார், என்னிடம். தம்பி பக்கம் திரும்பவில்லை. “அடியெல்லாம் எவ்வளவு அழுக்கா வச்சிருக்கான், பாருங்க.”

அழுக்கில்லை அது. அடிப்பாகம் முழுக்க ஆயில் பீய்ச்சியடித்து, அதன்மேல் இருபது நாள் தூசி அப்பியிருந்தது. மெக்கானிக்காக இருந்தால் பார்த்ததும் புரிந்திருக்கும். சார் மெக்கானிக் இல்லை.

சாக்கை விரித்துக்கொண்டு அடியில் போனேன். மேல் பைப் சண்டித்தனம் செய்துவிட்டு வந்துவிட்டது. கீழ்ப் பைப்பின் இன்ஜின் முனை வரவில்லை. லூர்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான். நான் உளியால் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டினேன். இந்தத் தடவை கழுத்துவரை சுரண்டினேன். காலம் கடந்து வருகிற ஒழுக்கம்.

பூச்சு பெயர்ந்து விழுந்தது. கழுத்தும் ரப்பரும் சேரும் இடத்தில், நகம் நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் வாய்பிளந்து நின்றது. அங்கிருந்து வெள்ளைக் கோடு அரைச் சுற்றுச் சுற்றிப் போனது.

ஆறு மாதம் முறுக்கோடு இருந்து, இன்ஜின் அதிர்வில் தேய்ந்து, அன்றைக்கு வேகமாக ஓட்டியதும் வெடித்திருக்கிறது. லூர்து முந்தின நாள் ஆயில் பார்த்திருப்பான். அளவு சரியாகவே இருந்திருக்கும். திருமானூருக்கும் பாலத்துக்கும் நடுவில் அத்தனை ஆயிலும் ரோட்டில் கொட்டிப்போயிருக்கிறது.

ஸ்பேனரை மறுபடி நட்டில் மாட்டினேன். ஸ்பேனர் வழுக்கி முட்டியில் அடித்தது. வலிக்கவே இல்லை.

அப்போதுதான் லூர்து குனியாமலே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினான். “அண்ணே, நான் முந்தின நாள் டிப்ஸ்டிக் எடுத்துப் பாத்தேன்னுதான் ஞாபகம். ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, பாத்தனா இல்லியான்னே இப்ப சந்தேகமா இருக்கு.”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மேலே இருந்து சாரின் குரல் வந்தது. “அறுத்துடுங்க கலியபெருமாள்.”

ஆயில் பைப்பை நான் அறுக்கிறவன் இல்லை. அறுத்தால் இரும்புத் தூள் உள்ளே போகும். எத்தனை நேரம் ஆனாலும் கழற்றித்தான் எடுப்பேன். கழற்றி எடுத்தால் அந்தப் பைப் முழுசாக வெளியே வரும். கீறலோடும் கோட்டோடும் மேஜைமேல் கிடக்கும். இது என்ன என்று சார் கேட்பார். நான் சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. வேறு காரணமெல்லாம் பின்னால் யோசித்துச் சேர்த்துக்கொண்டவை. முப்பது வருஷமாகச் சேர்த்த பேர், திருமழபாடிக்காரர் போட்ட மாலை, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. பிளேடைக் கழுத்தில் வைத்தேன். சரியாகக் கீறலின்மேல் வைத்தேன்.

லூர்து எனக்கு வசதியாக டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்தான். அவன் ஒரு சாண் குனிந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். பெரிய மனுஷர் வேலை செய்கிறார் என்கிற மரியாதையில் குனியவில்லை.

பைப் அறுந்து என் நெஞ்சின்மேல் விழுந்தது. வெளியே வந்ததும் இரும்புக் கழிவு போடும் டிரம்முக்குள் எறிந்தேன். செயின் கப்பியில் இன்ஜினைத் தூக்கி வெளியே எடுத்து, பிரித்துப் பார்த்தோம். பேரிங்குகள் தீய்ந்து ஒட்டிக் கிடந்தன.

“என்ன தெரியுது?” என்றார் சார்.

“ஆயில் இல்லாம ஓடியிருக்கு சார்.”

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதுதான் நான் செய்த அயோக்கியத்தனம். சார் கர்ச்சீப்பால் கையைத் துடைத்துக்கொண்டு பைக்கை எடுத்தார். லூர்து டார்ச்சை அணைத்து மேஜைமேல் வைத்துவிட்டு, “போயிட்டு வரேண்ணே” என்றான்.

பாய் கேட்டது

என் கூட்டாளி காதர் பாய், பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர். பட்டறையில் ஒயரிங்கும் லேத்தும் அவருடையது. அன்றைக்கு மத்தியானம் தொழுகைக்குப் போய்விட்டு வந்தவர், இன்ஜினில் நட்டோடு ஒட்டிக்கொண்டிருந்த அறுத்த கழுத்தைப் பார்த்தார்.

“என்ன கலியா, அறுத்துட்டே? நீ அறுக்கிற ஆளு இல்லியே.”

“வரல பாய்.”

அவர் லேத்துப் பக்கம் போய்விட்டார். அடுத்த எட்டு ஒன்பது நாள், எந்த வண்டியின் அடியில் படுத்தாலும் மேலே யாரோ டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பதுபோலவே இருந்தது. தாங்க முடியாமல் ஒரு நாள் டீ குடிக்கும்போது பாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நேராக டிரம்மிடம் போனார். கையை விட்டுத் துழாவினார். காலி. பழைய இரும்பு எடுக்கிறவர் இரண்டு நாள் முன்னால்தான் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தார்.

“மௌத்தானவங்க வூட்டு விஷயம் கலியா. பைப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வாய் இருக்குல்ல. போய்ச் சொல்லு.”

முப்பதாம் நாள்

முப்பதாம் நாள் பூசைக்குப் போனேன். கோயிலில் கூட்டம். முன் வரிசையில் செபஸ்தியான் சாரும் அவர் பிள்ளைகளும், பக்கத்தில் அம்மா. லூர்து உள்ளே இல்லை. வாசலுக்கு வெளியே, செருப்புகள் கிடக்கிற இடத்தில் நின்று பூசை கண்டான். பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் சாமியார் மந்திரித்தபோது, மெழுகுவத்தி ஏற்ற அவன் ஒரு எட்டு முன்னால் வந்தான். சார் கையை நீட்டித் தடுத்தார். அவன் பின்னால் போய்விட்டான். மெழுகுவத்தி அவன் கையிலேயே இருந்தது.

சாப்பாடு முடிந்து, வெளியாட்கள் போனபிறகு, கூடத்தில் வைத்துச் சொன்னேன். அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சார் நாற்காலியில். லூர்து வாசற்படியில். பைப் முறுக்கியதையும், கோட்டைப் பார்த்ததையும், மாற்றாமல் விட்டதையும், அறுத்ததையும் வரிசையாகச் சொன்னேன். தரையில் இருந்த சிவப்புச் சிமென்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

சார் தொண்டையைக் கனைத்தார்.

“அந்தப் பைப்பு எங்க?”

“இல்லீங்க சார். பழைய இரும்புல போயிடுச்சு.”

“அறுக்கச் சொன்னதே நான்தானே?”

“நீங்க சொன்னீங்க சார். ஆனா...”

“அன்னைக்கு நான் கேட்டப்ப ஆயில் இல்லாம ஓடியிருக்குன்னுதானே சொன்னீங்க? இப்ப பூசை அன்னைக்கு வந்து வேற கதை சொல்றீங்க.” அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “கலியபெருமாள், உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும். எங்கள ஒண்ணு சேக்கணும்னு பாக்குறீங்க. அதுக்காகப் பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்காதீங்க. இது எங்க வூட்டு விஷயம்.”

பைப்பை எப்படி முறுக்கினேன் என்று கையால் செய்து காட்டினேன். சார் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். ஊரில் எத்தனையோ பேரிடம் நான் நல்லவன் என்று பேர் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு வாங்கியதுபோல் கேவலமாக என்றும் வாங்கியதில்லை.

சாலைவரை லூர்து கூட வந்தான். அவனாவது நம்புவான் என்று இருந்தேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“வேணாண்ணே. எனக்காக நீங்க ஏன் அண்ணன்கிட்ட பேச்சு வாங்குறீங்க? லைட்டப் பாத்தும் ஓட்டுனது நான்தானே.”

“டேய், நீ நிறுத்தியிருந்தாலும் வண்டி போயிருக்காதுடா. ஆயில் ரோட்டுல கொட்டிப்போச்சு. நான் பண்ணுனது. நெசமாச் சொல்றேன்.”

“நீங்க அப்படியெல்லாம் வேலை செய்யமாட்டீங்கண்ணே” என்றான். அதில் அவனுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

அடுத்த வாரம் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவன் கரூர்ப் பக்கம் லாரி ஓட்டப் போய்விட்டான்.

ஒரு வரி இடம்

போன கல்லறைத் திருநாளுக்கு நான் சவரிமுத்து ஐயாவைப் பார்க்கப் போனேன். எங்கள் குடும்பத்தில் யாரும் அங்கே போகிற வழக்கம் இல்லை. நான் மட்டும் போனேன்.

புதுக் கல் பதித்திருந்தார்கள். கறுப்பு கிரானைட். மேலே சிலுவை, அடுத்து ஐயாவின் பேர். அதற்குக் கீழே, இந்தப் பக்கத்து வழக்கப்படி, பிரிவால் வாடுகிறவர்கள் என்று பேர்கள். மனைவி பேர், பெரிய மகன் பேர், மருமகள் பேர், பேரப்பிள்ளைகள் பேர். லூர்து பேர் இல்லை.

அம்மா அங்கே உட்கார்ந்து பூ வைத்துக்கொண்டிருந்தார். நான் கல்லையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டார்.

“பெரியவன் எழுதிக் குடுத்தபடி வெட்டுனாங்க தம்பி. அவன எதுத்துப் பேச எனக்குத் தெம்பு இல்ல. கல்லு வெட்டுறவருகிட்ட மட்டும் தனியாப் போய்ச் சொன்னேன். பெரியவன் பேருக்குக் கீழ ஒரு வரிக்கு எடம் வுட்டு வெட்டுய்யான்னு.”

பார்த்தேன். பெரிய மகன் பேருக்கும் மருமகள் பேருக்கும் நடுவில், வழக்கத்தைவிட ஒரு வரி அதிகமாக இடைவெளி இருந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

“அம்மா, அன்னைக்கு நான் சொன்னது...”

“நெசம்னு தெரியும். அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. ஒண்ணு சேத்து வைக்க வந்தவரா இருந்தா எங்க மூஞ்சியப் பாத்துப் பேசியிருப்பீங்க. நீங்க ஒருதரம்கூட நிமிரல.”

நான் அவர் காலருகில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயசு, ஊரே மெழுகுவத்தியோடு போய்வந்துகொண்டிருந்தது. அவர் என்னைத் தேற்றவில்லை. பூவை ஒவ்வொன்றாக வைத்து முடித்தார்.

“நீங்க மன்னிப்பு கேக்க வந்திருக்கீங்க. அது அப்பறம் பாப்போம் தம்பி. மொதல்ல எம் புள்ள வூட்டுக்கு வரணும். அதுக்கு என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க.”

என்னால் பண்ண முடிந்தது இதுதான்.

செபஸ்தியான் சார், இந்த இதழ் உங்கள் பள்ளிக்கூட நூலகத்துக்கு வரும் என்று எனக்குத் தெரியும். பேர் மாற்றியிருந்தாலும் இரண்டாவது பத்தியிலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும். கூடத்தில் நான் சொன்னதை நல்ல மனசு என்று நினைத்தீர்கள். இப்போது என் சொந்தப் பேரைப் போட்டு, என் பட்டறைக்கு வண்டி விடுகிற அத்தனை பேரும் படிக்கிற இடத்தில் எழுதியிருக்கிறேன். இதற்குப் பிறகு எத்தனை வண்டி உள்ளே வரும் என்று தெரியாது. உங்கள் தம்பி ஆயில் பார்த்திருந்தான். லைட்டைப் பார்த்தும் அவன் ஓட்டியது, பின்னால் உங்கள் அப்பா இருந்ததால். பைப்பைக் கெடுத்தவன் நான். நீங்கள் அறுக்கச் சொல்வதற்கு முன்பே பிளேடு என் கையில் இருந்தது.

அந்தக் கல்லில் உங்கள் பேருக்குக் கீழே ஒரு வரி இடம் இருக்கிறது. போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு லூர்துவுக்கு ஒரு போன் போடுங்கள். நான் போட்டால் அவன் எடுப்பதில்லை.